கத்திரி படாத தவிட்டுக்கொய்யா

அன்புள்ள ஊசிக்கு,

அம்மா எழுதுவது, அப்பா உன்னைக் கூப்பிடும் செல்லப் பெயரிலேயே. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் முதலில் எழுதினேன், எழுதிவிட்டுப் பார்த்தால் பக்கத்து வீட்டைப் பற்றி எழுதியது போலிருக்கிறது, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். போனில் நீ கேட்கும்போது அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், என்னால் எதையும் சொல்ல முடிவதில்லை, அதற்காகத்தான் கடிதம்.

அப்பாவுக்குக் கால் பரவாயில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போய்விடுகிறார். பக்கவாதம் வந்த வலது கைதான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நீ அனுப்பிய ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் நான் என்ன குழந்தையா என்கிறார். தன் தையல் கடையில் ஊரில் பாதிப் பேருக்குக் காஜா எடுத்துப் பித்தான் தைத்த மனிதர், இப்போது காலையில் என் முன்னால் வந்து நிற்கிறார், நான் பித்தான் போட்டு முடிக்கும் வரை கூரையையே பார்க்கிறார். ஒன்றை மாற்றிப் போட்டுவிட்டால் மட்டும் "ஒண்ணு ஏறி இறங்கியிருக்கு பாரு" என்று பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவார். ஒத்தாசைக்கு ஒரு ஆளைப் போடலாம் என்று நீ சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன், "வெளியாள் வந்து என்னைத் தொட்டா சாப்பிடறதையே விட்டுடுவேன்" என்றார். ஆக, தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் நான்தான். போன வாரம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றபடியே தூங்கிவிட்டேன். தீய்ஞ்ச வாசனை வருதே என்று உள்ளேயிருந்து அவர் கூப்பிட்ட பிறகுதான் கண் திறந்தது. பக்கத்து வீட்டு அடுப்பு என்று சொல்லிவிட்டேன்.

அது கிடக்கட்டும், கேட் ஓரத்துத் தவிட்டுக்கொய்யா ஞாபகம் இருக்கிறதா. யாரும் நடாமல் தானாக முளைத்தது, ஊருக்கு வெளியே மேட்டில் அதன் சொந்தக்காரச் செடிகளெல்லாம் புதர் புதராகப் பூத்துக் கிடக்கும், நம் வீட்டில் இருந்தது மட்டும் ஒரு மொட்டு விட்டதில்லை. ஆண் செடி, பூக்காது என்று நாமே ஒரு கதை கட்டி வைத்திருந்தோம், நீ அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லித் திட்டு வாங்கினாய். துணி வெட்டும் கத்திரியை நம்மைத் தொடவே விடாத உன் அப்பா, அந்தச் செடிக்கென்று தனியாக ஒரு கத்திரி வாங்கி, இஞ்ச் டேப்பால் அளந்து, சுவரில் சாக்குக் கட்டியால் கோடு போட்டு, சட்டைக் காலர் போல நேராக வெட்டிவிடுவார். ஒரு துளிர் கோட்டைத் தாண்டினால் அவருக்குச் சோறு இறங்காது.

அவர் படுத்ததிலிருந்து அதைத் தொட ஆளில்லாமல் வளர்ந்து கேட்டையே மறைத்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் போகிற போக்கில் "டெய்லர் வீட்டுச் செடிக்கு முடிவெட்ட ஆள் கிடைக்கலையா" என்று கேட்டது ஜன்னல் வழியாக அப்பா காதில் விழுந்துவிட்டது. அன்று முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "மரம் வெட்டறவரைக் கூப்பிட்டு வேரோட எடுத்துடு, நான் வெட்டாத செடி வாசல்ல நிக்க வேண்டாம்" என்றார். சரி சரி என்றேன். செடிக்கு இரக்கப்பட்டு அல்ல, ஊசி, ஆளைத் தேடிப் போய்ப் பேரம் பேசிக் கூட நிற்க எனக்குத் தெம்பில்லை, அதனால் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒரு நாள் காலையில் குப்பையை எடுத்துக்கொண்டு போனால், செடி முழுக்கப் பூ. புதிதாக விரிந்தது நல்ல ரோஜா நிறம், முந்தின நாள் பூ வெளுப்பு, நடுவில் நூல் குஞ்சம்.

அப்பா நம்பவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசற்படி வரை வந்தார், படுத்த பிறகு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. உற்றுப் பார்த்துவிட்டு, "சாயம் நிக்கலையே, மட்டமான துணி" என்றார். அன்றைக்கென்று உன் அத்தை வந்திருந்தாள், அவள் வாயைப் பற்றித்தான் தெரியுமே. "அண்ணே, நீ கத்திரியைக் கீழ போட்ட பிறகுதான் அதுக்கு உசுரே வந்திருக்கு, மொட்டு வைக்கிற நுனியாப் பார்த்து நறுக்கிட்டு ஆண் செடியாம் ஆண் செடி" என்று ஒரே போடாகப் போட்டாள். அப்பா, படிவரை நீண்டிருந்த கிளையில் இடது கையால் ஒரு இலையைத் திருப்பி, வெல்வெட் போலிருக்கும் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், கடையில் துணியைத் தேய்ப்பாரே, அதே போல. "அளவு எடுக்காமலே விட்டிருக்கணும் போல" என்றார். மரம் வெட்டுகிறவர் பேச்சு அதோடு நின்றது. இப்போது தினமும் சாயங்காலம் படியில் உட்கார்ந்து, பூப் பறிக்கிறவர்களை அதட்டுகிறார்.

இதைப் படித்ததும் அப்பா தேறிவிட்டார் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதே. அவரைப் படி வரை கொண்டுபோய் உட்கார வைத்து, திரும்ப உள்ளே கொண்டுவருவதும் நான்தான், முன்பு இல்லாத வேலை ஒன்று கூடியிருக்கிறது. அந்தப் பூவைப் பார்த்து நான் அழுதேன் என்றால் அழகுக்காக அல்ல. முடியாமல் போய் நான் விட்டுவிட்ட வேலைகளில் இது ஒன்றாவது நன்றாக முடிந்ததே என்று அழுதேன். வா என்று உனக்கு நான் எழுதியதே இல்லை. உனக்கு லீவு கிடைக்காது, பயணம் நீளம் என்று உனக்குப் பதிலாக நானே சொல்லிக்கொள்வேன், இந்த முறை சொல்லப்போவதில்லை. வா. பூ உதிர்ந்து காய் கறுக்கும்போது வந்தால் போதும், நீ பழம் தின்ன வந்திருப்பதாக அப்பா நினைத்துக்கொள்ளட்டும். காலையில் நீ அவருக்குப் பித்தான் போட்டுவிடு, உன் கை என்றால் மறுக்கமாட்டார். நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும்.

இருவரும் ஊசியும் நூலுமாகச் சேர்ந்தே, ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள். வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே. மறந்துவிடாதே, போனில் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. வருவதாக இருந்தால் பழம் பழுத்துவிட்டதா என்று மட்டும் கேள், எனக்குப் புரிந்துவிடும்.

உன் போனுக்காகக் காத்திருக்கும்
அம்மா