மூன்றாம் நம்பரிலிருந்து ஜீரோ வரை

மார்ச் 4

செவ்வாய். கடை விடுமுறை. காலையில் பல் தேய்த்துக்கொண்டே, "பொண்ணுக்கு அந்த வேலை என்னதான் ஆச்சு? ஒரு தகவலும் இல்லையே" என்று கேட்டேன். வேன் சாவியைத் தேடிக்கொண்டிருந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"நேத்து போன் பண்ணாளேங்க, கிடைச்சிடுச்சுன்னு. முதல்ல உங்ககிட்டதான் பேசினா."

"என்கிட்டயா?"

"அழுதீங்க. இனிமே குடை எடுக்கறதா வேண்டாமான்னு உன்னைக் கேட்டுத்தான் வெளிய போவேன்னு சொன்னீங்க. அவளும் அந்தப் பக்கம் அழுதா."

விமான நிலையத்தில் வானிலை கணிக்கும் வேலை. எத்தனை நேர்முகத் தேர்வு, எத்தனை முறை கையை விரித்தார்கள். கடைசியில் செய்தி வந்தபோது நான் தூக்க மாத்திரை போட்டு முடித்திருந்தேன். ஒரு சொல்கூட ஞாபகம் இல்லை. என் மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தை என் முகத்தில் வீட்டிலுள்ளவர்கள் பார்த்திருக்கிறார்கள். நான்தான் பார்க்கவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைதான், திருட்டுச் சரக்கில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் விபத்தில் இடுப்பெலும்பு உடைந்து கிடந்தபோது, "கொஞ்ச நாளைக்குத் தூங்க" என்று கொடுத்தார்கள். சீட்டு புதுப்பித்துக்கொண்டே போனது. கேட்பவர் இல்லை, நானும் கேட்கவில்லை.

அழுதேனாம். எப்படி அழுதேன்?

மார்ச் 11

டாக்டரம்மாவைப் பார்த்தோம். "பார்த்தேன்" என்று எழுதத்தான் நினைத்தேன். மனைவி கூப்பிடாமலே கூட வந்து, எனக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"நாளையிலேருந்து நிறுத்திடறேன் டாக்டர்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதீங்க. இத்தனை வருஷம் பழகின மாத்திரை. திடீர்னு விட்டா வலிப்புகூட வரலாம். கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். ஒரு படி இறங்கினா ரெண்டு மூணு வாரம் அங்க இருப்போம். உடம்பு முரண்டு பிடிச்சா இன்னும் கொஞ்ச நாள் சேர்த்து இருப்போம். ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும்."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இது என் சலூனில் நான் ஃபேட் அடிக்கிற வேலை, முடியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே இறங்குவது. பிடரியில் முதலில் மெஷினில் மூன்றாம் நம்பர் சீப்பு, பிறகு இரண்டு, ஒன்று, அரை, கடைசியில் ஜீரோ. ஒன்று எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது. கோடு விழுந்தால் அடித்தவனுக்கு வேலை தெரியாது என்று அர்த்தம். இந்தத் தெருவில் கோடு விழாமல் ஃபேட் அடிக்கிறவன் நான் ஒருவன்தான். மற்ற கடைக்காரர்களைக் கேட்டாலும் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள்.

டாக்டரிடம் சொன்னேன். "என்னைவிட நல்லா விளக்குறீங்க" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தரையில் கால் பாவவில்லை.

மாத்திரைப் பொறுப்பு மனைவிக்கு. பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், ஒரு பிள்ளை ஏறாவிட்டாலும் வண்டியை நகர்த்தமாட்டாள். அவளை ஏமாற்ற முடியாது.

மார்ச் 30

முதல் படி இறங்கியாயிற்று. தூக்கம் சல்லடை மாதிரி இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. கைதான். கத்தரி பிடித்தால் தெரியவில்லை; சவரக் கத்தியைப் பிடித்தால் நுனியில் ஒரு சின்ன அதிர்வு. வாடிக்கையாளருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அது போதும்.

கத்தியைத் துடைத்து உறையில் போட்டு மனைவியிடம் கொடுத்துவிட்டேன். ஷேவிங் எல்லாம் இனி அடுத்த நாற்காலிக்காரர் பார்ப்பார். கை நடுங்கும்போது கத்தியைத் தொடாதவன்தான் தொழில்காரன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாக முடிவெடுத்தேன். அதை இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மாத்திரையும் அவள் கையில், கத்தியும் அவள் கையில். இந்த வீட்டில் யார் ஆட்சி என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 6

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. முகம் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்க வேண்டும் அவனுக்கு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என் கத்திதான். வழக்கம்போல நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான். விஷயத்தைச் சொன்னேன். அடுத்த நாற்காலிக்குப் போகச் சொன்னேன்.

எழுந்து தாடையைத் தடவிக்கொண்டான். "அப்ப நான் தாடி வளர்க்கிறேன் மாமா. நீங்க கத்தி எடுக்கற அன்னைக்கு எடுத்தா போதும்."

"ஒரு வருஷம் ஆகும்டா."

"ஆகட்டும். என் கழுத்துல வேற ஆள் கத்தியா? எனக்கு உசுரு மேல ஆசை இருக்கு."

வாய்க் கொழுப்பு. ஆனால் இரண்டு முறை மூக்கைச் சிந்தினேன். பவுடர் தூசி.

ஏப்ரல் 27

எரிச்சல். சீப்பு கீழே விழுந்ததற்குச் சீப்பைத் திட்டினேன்.

மே 18

இரண்டாம் நம்பர். கோடு விழவில்லை.

மூன்று நாளாகத் தொடர்ந்து தூக்கம். காலையில் தலை கனக்கவில்லை. டீ டீயாகவே ருசிக்கிறது. கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். இந்த ஆளுக்கு நானே காசு வாங்காமல் முடி வெட்டலாம் என்று தோன்றியது.

மச்சான் தாடியில் வலது பக்கம் மட்டும் அடர்த்தி, இடது பக்கம் அங்கங்கே சொட்டை. மேலாளர் கூப்பிட்டு, "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாராம்.

ஜூன் 10

இதை அவளிடம் சொல்லப் போவதில்லை.

இவ்வளவு நன்றாகப் போகும்போது எதற்கு ஊர்கிற மாட்டு வண்டி? கை தேர்ந்தவன் இரண்டிலிருந்து நேரே ஜீரோவுக்குப் போய், பிறகு கோட்டைக் கலைத்துச் சரிசெய்வான். நான் தினமும் செய்கிற வேலைதான் அது. கூட்டிலிருந்து அவள் எடுத்துக் கொடுத்த மாத்திரையை உள்ளங்கையில் ஒதுக்கினேன். தண்ணீர் மட்டும் குடித்தேன். மாத்திரை மேலங்கிப் பைக்குப் போயிற்று. இன்றோடு இரண்டாவது.

எல்லாம் முடிந்த பிறகு பையைத் தலைகீழாகக் கொட்டிக் காட்டினால் அவள் முகம் எப்படி இருக்கும்.

ஜூன் 14

முடியல. எழுதவே முடியல. கை ஆடுது. விளக்கைப் போட்டா கண்ணுல ஊசி குத்துது. சட்டை முழுக்க வேர்வை. கடையில மெஷின் சத்தம் மண்டைக்குள்ள ஓடுது. பாதி வெட்டின தலையோட ஒருத்தரை அடுத்த நாற்காலிக்கு அனுப்பிட்டு வந்துட்டேன். பாதி தலை. நான். முப்பது வருஷத்துல ஒருதரம்கூட இல்ல.

என்ன கிழிச்சிட்டேன்னு இவ்வளவு ஆட்டம்?

ஜூன் 15

நேற்று அவள்தான் கண்டுபிடித்தாள். மேலங்கியைத் துவைக்க எடுத்தவள் பைக்குள் கைவிட்டாள். முடித் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்த மாத்திரைகளை மேசையில் வரிசையாக வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வேன் சாவியை எடுத்தாள்.

அவள் பக்கத்தில் உட்கார எனக்கு வெட்கம். பின்னால் பிள்ளைகள் உட்காரும் சின்ன இருக்கையில், முழங்கால் தாடையில் இடிக்க, உட்கார்ந்து போனேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, "நான் வண்டி ஓட்டிட்டு இருக்கும்போது நீங்க அங்க விழுந்து கிடந்தா?" என்றாள். உதடு துடித்தது. அவள் அழுது நான் பார்த்ததில்லை. அல்லது பார்த்துவிட்டு மறந்திருக்கிறேன்.

டாக்டரம்மா எல்லாம் பரிசோதித்தார். மாத்திரையை ஒதுக்கிய நாளிலிருந்து என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "நிறுத்தறதுக்கு முன்னாடி இருந்த அளவுக்கே திரும்பிப் போறோம். ஒரு மாசம் அங்கயே இருப்போம்" என்றார்.

"அப்ப இத்தனை நாள் பண்ணது வீணா டாக்டர்? வெட்டின முடியைத் திரும்ப ஒட்ட முடியுமா?"

"உங்க கடையில முடியாது. இங்க முடியும். ஒரு படி ஏறி நின்னுட்டு இறங்கினா தோத்ததா அர்த்தம் இல்லைங்க. கீழ விழாம இறங்கறதுதான் வேலை."

நான் அங்கேதான் தப்பு செய்திருக்கிறேன். தலைமுடியில் அவசரப்பட்டால் கோடு விழும், இரண்டு வாரத்தில் வளர்ந்துவிடும். இங்கே விழுந்திருந்தால் நானே விழுந்திருப்பேன். ஃபேட்டை விளக்கியதற்குப் பாராட்டு வாங்கியவன், ஃபேட் அடிக்கத் தெரியாதவன் மாதிரி நடந்துகொண்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

ஜூன் 16

இன்றிலிருந்து மாத்திரையை விழுங்கியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும், நாக்கைத் தூக்கியும். வேன் பிள்ளைகளில் யூகேஜி படிக்கிறவன்கூட இப்படிக் காட்டுவதில்லையாம்.

காட்டினேன்.

ஜூலை 9

அதே அளவு. எழுத ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாமல் இத்தனை நாள் நின்றதே பெரிய வேலை என்று மனைவி சொல்கிறாள். யோசித்தால் உண்மைதான். ஓடத் தெரிந்தவனுக்கு நிற்பதுதான் கஷ்டம்.

செப்டம்பர் 7

ஒன்றாம் நம்பர்.

கடையில் இதுவரை மணிக்கட்டுச் சுளுக்கு என்று புளுகிவந்தேன். ஆறு மாதச் சுளுக்கை யார் நம்புவார்கள்? இன்று வழக்கமாக வரும் தையல்காரர், "இன்னுமா சரியாகல?" என்று கேட்டபோது கத்தரியை வைத்துவிட்டு உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது தையல்காரர் வாசலில் தயங்கி நின்றார். "என் வீட்டுக்காரியும் இதேதான் போடறா. ரொம்ப வருஷமா. இன்னைக்கே போய் நிறுத்தச் சொல்லட்டுமா?"

"வேண்டவே வேண்டாம்ண்ணே. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அவங்க எவ்வளவு சொல்றாங்களோ அவ்வளவுதான் குறைக்கணும். நானே ராஜா நானே மந்திரின்னு நிறுத்திப் பார்த்தவன் நான். பாதித் தலையோட ஒருத்தரை நிக்க வெச்சவன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் நான் வெட்டிய எந்தத் தலைக்காகவும் யாரும் இப்படி என் கையைப் பிடித்ததில்லை.

அக்டோபர் 19

மச்சான் தாடியில் சீப்பு மாட்டிக்கொண்டு வர மறுத்தது. அலுவலகத்தில் இப்போது அவனை "சாமியாரே" என்றுதான் கூப்பிடுகிறார்களாம். ஒரு வாடிக்கையாளர் காலில் விழப் போனாராம். இதை மட்டும் நான் நம்பவில்லை.

டிசம்பர் 2

அரை. இந்தப் படிதான் மேலே இருந்ததையெல்லாம்விடக் கஷ்டம். துளி மாதிரிதான் இருக்கிறது மாத்திரை, அதைக் குறைத்தால் உடம்பு ஊரைக் கூட்டுகிறது. டாக்டரம்மா, "கடைசியில அப்படித்தான் இருக்கும், மெதுவா போகலாம்" என்றார். இந்த முறை நானே கேட்டேன்: "இன்னும் ரெண்டு வாரம் இங்கயே நிக்கலாமா டாக்டர்?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 17

ஜீரோ.

கண்ணாடிக் கூட்டைத் திறந்து காட்டினாள். உள்ளே அவளுடைய பழைய கண்ணாடி மட்டும் இருந்தது.

மார்ச் 1

கடையை மூடிய பிறகு, தெருவில் வெளிச்சம் இருக்கும்போதே, மச்சானை உட்கார வைத்தேன். மனைவி கத்தியைக் கொண்டுவந்தாள். எண்ணெய் போட்டு வைத்திருக்கிறாள், ஒரு துருப்பொட்டு இல்லை. நான் சொல்லவே இல்லை.

புது பிளேடு மாட்டினேன். கத்தியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நுனி அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தேன். அசையவில்லை.

முதலில் கத்தரியால் குறைத்தேன், பிறகு மெஷின், பிறகு வெந்நீர்த் துண்டு, பிறகு நுரை. பதறாத காரியம் சிதறாது. கன்னத்திலிருந்து தாடைக்கு இறங்கி, தாடையிலிருந்து கழுத்துக்கு வந்தபோது ஒரு சத்தம் கேட்டது. குறட்டை. கழுத்தை எனக்குக் காட்டிக்கொண்டு, வாயைத் திறந்து தூங்குகிறான். ஒரு வருடமாக உயிர்மேல் ஆசை என்றவன்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, வேலையில் இருந்தேன். ஒரு கீறல் இல்லை. என்னை நானே மெச்சிக்கொண்டால் என்ன, மெச்சிக்கொள்கிறேன். எனக்கு என்மேல் அப்படி ஒரு பெருமை. அவள்மேல் அதைவிட.

முடிந்ததும் எழுப்பினேன். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "யாரு மாமா இந்தச் சின்னப் பையன்?" என்றான்.

மார்ச் 19

தூங்கிப்போய்விட்டேன். அவளும் எழுப்பவில்லை. கடைக்குப் போனால் மூடிய ஷட்டருக்கு முன்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். அதில் ஒருவர் தையல்காரர். "தூங்கிட்டேன், மன்னிச்சிடுங்க" என்றேன். "தூங்குங்க, தூங்குங்க" என்றார், ஏதோ நல்ல செய்தி கேட்டவர் மாதிரி.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. தெருவே நனைந்தபடி ஓடியது. நான் குடையை விரித்து நிதானமாகச் சாப்பிட வீட்டுக்கு நடந்தேன். சாயங்காலம் மகளுக்கு போன் செய்து, "நல்லவேளை நேத்து சொன்னே" என்றேன்.

"என்னப்பா சொன்னேன்?"

"மதியத்துக்கு மேல மழை, குடை எடுத்துக்கோங்கன்னு. அப்புறம், புது வீட்டுல பாத்ரூம் குழாய் சொட்டுது, பக்கத்து வீட்டுப் பாப்பா உன்னை மழை அக்கான்னு கூப்பிடுதுன்னு சொன்னே. சொல்லும்போதே தூக்கம் வந்து கொட்டாவி விட்டே."

"நான் அதையெல்லாமா சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லப்பா."

"எனக்கு இருக்கும்மா" என்றேன்.