ஐம்பதாவது நிமிடம்

என் வாயாடிக்கு,

நீ என்னோடு பேசி நான்கு மாதமாகிறது. ஆனாலும் இந்தப் பெயர்தான் வாயில் வருகிறது.

என் வேலை உனக்குத் தெரியும். விபத்திலும் வன்முறையிலும் மனம் உடைந்தவர்கள் தினமும் ஆறு பேர் என் அறைக்கு வந்து அழுகிறார்கள். ஆளுக்கு ஐம்பது நிமிடம். தொடக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது; டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இருபது வருடப் பழக்கம். அதில் கெட்டிக்காரி என்று பெயர் வேறு.

அன்று நெற்றியில் தையலோடு நம் சமையலறையில் உட்கார்ந்து, உன் தோழி ஓட்டிய கார் கவிழ்ந்ததைச் சொன்னாய். "அவ கை சில்லுன்னு ஆகற வரைக்கும் புடிச்சிட்டே இருந்தேம்மா" என்று தேம்பினாய். நான் என்ன செய்தேன்? டிஷ்யூ பெட்டியை உன் பக்கம் நகர்த்தினேன். "அந்த நேரத்துல உனக்குள்ள என்ன ஓடுச்சு?" என்று, வேலையில் பேசும் அதே இதமான குரலில் கேட்டேன்.

பிறகு என் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. நீ பார்த்துவிட்டாய்.

"ஐம்பது நிமிஷம் ஆயிடுச்சா டாக்டர்?" என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

நேற்று அந்தக் கடிகாரத்தைக் கழற்றிவிட்டேன். சுவரில் வட்டமாக வெளுத்த தடம் இருக்கிறது. என் கண் இன்னும் அங்கேதான் போய் நிற்கிறது, என்ன செய்ய?

நீ சின்னவளாக இருந்தபோது, நான் எங்காவது பராக்குப் பார்த்தால், என் தாடையைப் பிடித்து உன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கதை சொல்வாயே. ஒரு தடவை வந்து அப்படித் திருப்பிவிடடி.

அம்மா