திருமழிசைப் பூச்சியைக் கடித்த மீன்

இன்வர்கார்கில், நியூசிலாந்து
17.11.2025

ரோஷினி அப்பாவுக்கு,

ஆக்னஸ் எழுதுவது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டைக்கு நிற்கிறோம். அதனால் தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து போனில் அனுப்பும்படி ரோஷினியிடம் சொல்கிறேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

பேத்தி நன்றாகப் பால் குடிக்கிறாள். மூக்கு உங்கள் மூக்கு, என்ன செய்ய!

ஒரு சந்தோஷம். சனிக்கிழமை மாப்பிள்ளை விஷால் என்னை ஆற்றுக்கு அழைத்துப்போகிறார். டிரவுட் மீன் பிடிக்க! நாள் முழுக்க ஒரு வழிகாட்டி அம்மா கூடவே இருந்து சொல்லித்தருவாராம். பத்தொன்பது வருஷமாகத் திருமழிசை ஏற்றுமதி யூனிட்டில் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி கட்டுகிறேனே, அதெல்லாம் இந்த மீனை ஏமாற்றத்தான். ஆனால் ஒரு மீனாவது ஏமாந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ரோஷினி கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் "இவ கொசு கட்டுற வேலைக்குப் போறா" என்று சிரித்தீர்கள். அடுத்த மாதமே நான் அம்பத்தூரில் தனி வீடு பார்த்தேன். அதை மறக்கவில்லை. இருந்தாலும் இந்தச் சேதியை முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது.

ஆக்னஸ்


வேப்பம்பட்டு
19.11.2025

கர்த்தருக்குள் அன்பான ஆக்னஸ்,

கடிதம் கிடைத்தது. என் மூக்குக்கு என்ன குறை?

இங்கே மழை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். ஆற்றில் கல் வழுக்கும், உன் வலது முட்டி சரியில்லை, மாப்பிள்ளை கையை விடாதே. கொசு என்று சொன்னது விளையாட்டுக்கு. அதற்கு இரண்டு வருஷம் தனியாக மெஸ் சாப்பாடு சாப்பிடவிட்டாய்.

ஒன்று கேட்கிறேன். விமான நிலையத்தில் டிக்கெட்டை எட்டப் பிடித்துப் படித்தாய், பார்த்தேன். கண்ணைக் கெடுத்துக்கொண்டது போதும். திரும்பி வந்ததும் வேலையை விட்டுவிடு. அம்பத்தூர் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வா. சம்மதம் என்றால் எழுது, விமான நிலையத்துக்கு வருகிறேன்.

ஜெபா


இன்வர்கார்கில்
23.11.2025

ரோஷினி அப்பாவுக்கு,

பிடித்துவிட்டேன்! நேற்றுப் பிடித்துவிட்டேன்! அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி அம்மா பெயர் ஹேசல். என் வயதுதான் இருக்கும். மார்பு வரைக்கும் ரப்பர் உடுப்பு மாட்டி என்னை ஆற்றில் இறக்கினார். தண்ணீர் ஐஸ். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. காலையெல்லாம் தூண்டில்கோலை வீசத்தான் பழகினேன். ஒரு தடவை என் தொப்பியில் மாட்டியது, ஒரு தடவை மாப்பிள்ளை முதுகில்.

சாப்பாட்டு நேரத்தில் ஹேசல் தன் பூச்சிப் பெட்டியைத் திறந்தார். குனிந்து உற்றுப் பார்த்தேன். ஒரு வரிசை முழுக்க நூல் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. எங்கள் யூனிட் காவ்யா இடதுகைக்காரி, அவள்தான் அப்படிச் சுற்றுவாள்! கடைசி முடிச்சு அவிழாதபடி அதன்மேல் அரக்கை இரண்டு முறை தொட்டு வைப்பதும் அவள்தான். "இது எங்க யூனிட்டு" என்று நான் தமிழிலேயே கத்தினேன். மாப்பிள்ளை விளக்கிச் சொன்னதும் ஹேசல் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இருபது வருஷமா இதைத்தான் வீசறேன். செஞ்ச கையை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாராம்.

பிறகு நான் கட்டிக் கொண்டுபோன பூச்சியை அவரே நூலில் முடிந்துகொடுத்தார். மூன்று மணி இருக்கும். பாறை நிழலில் மீன் நின்றது. வீசினேன். பூச்சி மிதந்து வந்தது. மீன் மேலே எழும்பி, அவசரமே இல்லாமல் வாயைத் திறந்து மூடியது. ஹேசல் என் தோளை அழுத்தி, பொறு, பொறு என்று காட்டி, இப்போது என்றார். தூக்கினேன். ஐயோ, அந்த இழுப்பு! தூண்டில்கோல் சக்கரம் கிறீச்சிட்டு நூல் ஓடியது. நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. வலையில் ஏந்தியபோது, பழுப்பு உடம்பில் சிவப்புப் பொட்டு, மேலுதட்டில் என் பூச்சி. உலர்ந்த கை பட்டால் மீனுக்கு ஆகாதாம், கையை நனைத்துக்கொண்டு தொட்டேன். பிறகு ஆற்றிலேயே விட்டுவிட்டோம். வாலை ஒருமுறை ஆட்டிப் போய்விட்டது.

உங்கள் கேள்விக்குப் பதில். வேலையை விட மாட்டேன். கண்ணுக்குப் புதுக் கண்ணாடி போட்டுக்கொள்வேன். நான் செய்வது கொசு இல்லை, அது நேற்று எனக்கே நிச்சயமாகிவிட்டது. இந்த வேலையோடு என்னைக் கூப்பிட முடிந்தால் கூப்பிடுங்கள். முடியாவிட்டால் விமான நிலையத்துக்கு வரவேண்டாம், நான் ஆட்டோ பிடித்து அம்பத்தூர் போய்க்கொள்வேன்.

ஆக்னஸ்


வேப்பம்பட்டு
25.11.2025

அன்புள்ள ஆக்னஸ்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஞாயிறு முழுக்கக் கோபமாக இருந்தேன். நேற்றுக் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருமழிசைக்குப் போனேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. வழி கேட்டுத்தான் போனேன், வெட்கமாக இருந்தது.

காவ்யாவிடம் நூல் சேதியைச் சொல்லலாம் என்றுதான் போனது. அவள் விடவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் பதினொரு பெண்களும் சுற்றி உட்கார்ந்து, படிங்க என்றார்கள். போனைப் பார்த்துப் படித்தேன். மீன் கடித்த இடத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னார்கள். மீன் போனதோடு நிறுத்திக்கொண்டேன்.

காவ்யா எட்டிப் பார்த்தாள். "இன்னா அண்ணாத்தே, கீழ இன்னும் கீதே? அதையும் படி."

படித்தேன். கொசு என்ற சொல் வந்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. காவ்யா எழுந்துபோய் ஒரு பூச்சியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். இவ்வளவு சின்னதா ஆக்னஸ்? இதில் ஆறு வகை இறகாமே.

வேப்பம்பட்டிலிருந்து யூனிட் வாசலுக்கு நாற்பத்திரண்டு நிமிடம், மழையில். காலையில் நான் கொண்டுபோய் விடுகிறேன், சாயங்காலம் வந்து அழைத்துக்கொள்கிறேன். அம்பத்தூரிலேயே இருக்க நினைத்தால் இரு, அங்கே வந்தும் அழைத்துப்போவேன்.

விமானம் எத்தனை மணிக்கு?

ஜெபா