வண்டிப் பலகையில் உன் பெயர்

அன்புள்ள சஹருக்கு,

உனக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவனின் சாந்தி உண்டாகட்டும். உன் பல்வலி தணிந்ததா? ரியாதில் நான் நலம்.

பயப்படாமல் படி. நேற்று போக்குவரத்துக் காவலர் என் ரொட்டி வண்டியை நிறுத்தினார். புது வண்டியைப் பதிவு செய்தபோது நம்பர் பலகைக்குக் கிடைத்த மூன்று அரபு எழுத்துகளும் சேர்ந்து உன் பெயராகிவிட்டன. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. முதலாளி அபூ நாயிஃபுக்குத் தோன்றிவிட்டது.

"முதல் எழுத்துக்கு மேல கோடு போட்டுப் படிச்சா சஹர், விடியல். கீழ போட்டா சிஹ்ர், சூனியம். சூனிய வண்டியில வர்ற ரொட்டிய எவன்யா திம்பான்?" என்று கடைசி எழுத்தின்மேல் டேப் ஒட்டிவிட்டார்.

"நம்பர் பலகைய மறைச்சா வண்டியையே தூக்கிருவோம், தெரியுமா?" என்றார் காவலர்.

"ஒட்டுனது முதலாளிங்க. எனக்கு அது என் பொண்டாட்டி பேரு."

அவர் குனிந்து டேப்பைத் தூக்கிப் பார்த்தார். "வீட்டம்மா விடியலா, சூனியமா?"

"பதினாறு வருஷமா படிக்கிறேங்க, இன்னும் பிடிபடல."

சிரித்துவிட்டார். என் கையாலேயே டேப்பை உரிக்கவைத்து, எச்சரித்து அனுப்பினார்.

முதலாளி வேறு எழுத்துக்கு மனுப் போட்டுவிட்டார். அடுத்த வாரம் பலகை மாறிவிடும். ஊரிலிருந்து உன் தம்பி வரும்போது காய்ந்த முலூக்கியாக் கீரை கொடுத்துவிடு. கூடவே ஒரு தாளில் உன் பெயரை உன் கையால் எழுதி வை. மேல்கோட்டை மறக்காதே.

ரொட்டி ஏற்றக் கூப்பிடுகிறார்கள். உன் பெயரை வண்டிக்கு உள்ளே ஒட்டினால் குற்றமில்லையாம். அந்தக் காவலரிடமே கேட்டுக்கொண்டேன்.

உன் ஹம்தி