பிரேக்கைக் கேட்கத் தெரிந்த ஸ்கேனர்

இன்றுவரை வாய்விட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிராத என் அன்புக்கு,

நம் கரமனைத் தெருச் சங்கம் இந்த வருட மலருக்காக, இறந்துபோனவர்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் அழகாக எழுதுவார்கள். நான் காரைப் பற்றி எழுதப் போகிறேன். நீங்கள் இருந்தால் ஊர்க்கதை எதைச் சொன்னாலும் பாதியில் நிறுத்தி, "அது கிடக்கட்டும், வண்டி எப்படி ஓடறது?" என்றுதானே கேட்பீர்கள்?

வண்டி ஓடுகிறது. ஹேமாதான் ஓட்டுகிறாள். உங்கள் பெண் படிப்பை முடித்து வித்துராவில் மாட்டு டாக்டராக இருக்கிறாள். தினமும் இங்கிருந்துதான் போய் வருகிறாள். சில நாள் அங்கிருந்து இன்னும் மேலே, எஸ்டேட் பக்கம் மலைப்பாதையில் போக வேண்டிவரும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், மழை பிடித்துக்கொண்டால் எதிரே வருகிற பஸ் தெரியாது. அவள் சாவியை எடுக்கிற சத்தம் கேட்டாலே நான் வாசலுக்கு ஓடுவேன். நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குப் புதிதில்லை. நீங்கள் போன பிறகு அந்தப் பயம் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறது. "வந்து சேர்ந்தாச்சு" என்று அவள் போன் பண்ணும்வரை நான் இரண்டாவது காபியைத் தொடுவதில்லை.

ஆவணி முடியும்போது ஒரு நாள் ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. ஏபிஎஸ் என்று எழுத்து. அவசரமாகப் பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு அது என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். வண்டியை நீங்களே வாசலில் நிறுத்திக் கழற்றி மாட்டுகிற நாட்களில் டார்ச் பிடித்தவள் நான்தானே. பிரேக் சம்பந்தப்பட்ட விளக்கு என்றதும், வண்டியை எடுக்காதே என்றேன்.

"சாரமில்லை அம்மா, மஞ்சள்தானே. சிவப்பு எரிஞ்சாத்தான் பேடிக்கணும்" என்றாள் ஹேமா. பயப்படணும் என்பதற்குக்கூடப் 'பேடிக்கணும்'தான்; பள்ளிக்கூடத்து மலையாளம் அவள் நாக்கில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, விளக்கில்தான் கோளாறு, வண்டிக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியனுப்பினார். என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு ஹேமா ஒரு சின்ன ஸ்கேனரை ஆன்லைனில் வரவழைத்தாள். தீப்பெட்டி அளவுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற துளையில் செருகினால் போனில் கோளாறின் பெயர் வருமாம்.

செருகினாள். போனைக் காட்டினாள். பச்சை எழுத்தில், கோளாறு எதுவும் இல்லை என்று வந்தது.

"பாத்தியா? ஒண்ணுமில்லை. இனி நிம்மதியா இரு."

எப்படி இருப்பது? போனில் ஒன்றுமில்லை, எதிரே விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. இரண்டில் யாரை நம்புவது? எனக்கு அந்த ஈசிஜி நாள்தான் நினைவுக்கு வந்தது. நெஞ்சு என்னவோ செய்கிறது என்றீர்கள், போனோம். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றுமில்லை என்றார்கள். திரும்பும் வழியில் சந்தோஷத்தில் எனக்கு முல்லைப்பூ வாங்கித் தந்தீர்கள். அந்த வாரம் முடிவதற்குள் நீங்கள் இல்லை. பிறகு ஒரு டாக்டர் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: ஈசிஜி அந்த நேரத்து இதயத் துடிப்பைத்தான் காட்டும், ரத்தக் குழாயில் இருக்கிற அடைப்பைச் சில சமயம் காட்டாது, அதற்கு வேறு சோதனை வேண்டும். யார் மேலும் தப்பில்லை. ஆனால் அன்றிலிருந்து 'ஒன்றுமில்லை' என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

அதனால் நானே உட்கார்ந்து படித்தேன். சிரிக்காதீர்கள். மலையாளத்தில், இங்கிலீஷில், தமிழில் என்று வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இந்தத் தீப்பெட்டிக்கு எஞ்சினை மட்டும்தான் கேட்கத் தெரியும். பிரேக்குக்குத் தனி மூளை, ஏர்பேக்குக்குத் தனி மூளை. அவற்றிடம் அது வாயே திறக்கவில்லை. வாயைத் திறக்காமலே ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டது. பெரிய ஒர்க்‌ஷாப்காரர்கள் வைத்திருக்கிற, பலகை போன்ற பெரிய ஸ்கேனர் நமக்கு எதற்கு? வருஷா வருஷம் சந்தா வேறு கட்ட வேண்டும். நடுவில் ஒரு வகை இருக்கிறது, வயரும் சின்னத் திரையும் வைத்து, கையில் பிடித்துக்கொள்கிற மாதிரி. அதிலும் எல்லாமே பிரேக்கைக் கேட்காது. கேட்கிறது என்றாலும் நம் வண்டியின் கம்பெனியையும் வருஷத்தையும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள், அஷ்டமியன்று மத்தியானம் ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். முதலில் எடுத்துப் போட்ட பெட்டியில், எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று பெரிதாகப் போட்டிருந்தது.

"இது பிரேக்கைக் கேக்குமா?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது எஞ்சின் மட்டுந்தான் பாக்கும் மாமி. வீட்டு உபயோகத்துக்கு இது மதி, போதும். பிரேக்கெல்லாம் என்னத்துக்கு?"

"எனக்குப் பிரேக்குதான் வேணும். எஞ்சின் நின்னுபோனா பொண்ணு போன் பண்ணுவா. பிரேக் பிடிக்கலேன்னா யார் பண்ணுவா?"

அவர் உள்ளே போய் வேறு ஒன்றை எடுத்துவந்தார். நம் வண்டியின் பெயரும் வருஷமும் அதன் திரையில் வருகிறதா, அதற்குக் கீழே ஏபிஎஸ் வருகிறதா என்று என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். வண்டியில் மாட்டி அது பேசாவிட்டால் திருப்பிக்கொண்டு வருவேன் என்றும் சொல்லிவைத்தேன். சந்துக்குள் கார் நுழையாதே, இல்லாவிட்டால் அங்கேயே மாட்டிப் பார்த்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அக்கா குளித்து, மடியாக, பூஜை வைப்புக்குத் தயாராக இருக்கிறார். நீங்கள் போன பிறகு அவர் எங்களோடுதான் இருக்கிறார். ஹேமாவின் புத்தகங்கள், ஊசிப் பெட்டி, உங்கள் ஸ்பானர் செட் எல்லாம் சரஸ்வதி முன்னால் அடுக்கியாகிவிட்டது. நான் கால் கழுவிவிட்டு வருவதற்குள் ஸ்கேனரும் அங்கே போய்விட்டது! பெட்டிமேல் சந்தனம், குங்குமம், ஒரு செம்பருத்தி.

"புதுசா வந்த ஆயுதமாக்கும். முதல்ல அம்பாள் பாக்கட்டும்" என்றார்.

வைத்துவிட்டால் விஜயதசமி காலைவரை தொடக் கூடாது. நடுவில் ஒரு நாள்தானே, ஹேமாவுக்கும் லீவு, வண்டி வாசலில் நிற்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒர்க்‌ஷாப்பிலும் அன்றைக்கு எல்லாம் பூஜையில்தான் இருக்கும்.

நவமி காலையில் ஹேமாவுக்குப் போன் வந்தது. வித்துராவுக்கு மேலே ஒரு வீட்டில் பசு கன்று போட முடியாமல் தவிக்கிறதாம். கன்றின் கால் உள்ளே திரும்பியிருக்கிறது, டாக்டர் வந்தே ஆகவேண்டும் என்றார்களாம். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சாவியை எடுத்தாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

"ஸ்கேன் பண்ணிட்டுப் போ" என்றேன்.

"அது பூஜையில இருக்கே அம்மா. நாளைக்குப் பாக்கலாம். நான் மெதுவாப் போறேன்."

அந்தப் பாதை என் கண்முன்னால் வந்தது. ஈரம், வளைவு, இறக்கம். நேரே பூஜை அறைக்குப் போய்க் கையை நீட்டினேன்.

"சுபா! எடுக்கப்படாது கேட்டியா. சரஸ்வதி கோவிச்சுப்பா" என்று உங்கள் அக்கா எழுந்தே விட்டார்.

"கோவிச்சுக்கட்டும் அக்கா. கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"ஒரு நாள் பொறுக்க முடியாதா உனக்கு?"

"பசு பொறுக்காது. இவளும் பொறுக்க மாட்டா."

எடுத்துவிட்டேன். எனக்குத் தெய்வத்திடமும் பயம்தான். உள்ளங்கை வேர்த்து, சந்தனமெல்லாம் கையோடு வந்துவிட்டது. சரஸ்வதியா, அந்த இறக்கமா என்று யோசித்தால், இறக்கம்தான் பெரிய பயமாக இருந்தது. ஹேமா முணுமுணுத்துக்கொண்டே பசுக்காரருக்குப் போன் போட்டுக் கொஞ்சம் தாமதமாகும் என்றாள். நான் செருகினேன். வண்டியின் பெயர், வருஷம், ஏபிஎஸ். திரை கொஞ்ச நேரம் சும்மா சுற்றியது. அப்புறம் வந்தது: முன்பக்க இடது சக்கரத்தின் சென்சார், இணைப்பு அறுந்திருக்கிறது.

"சென்சார்தானே அம்மா. பிரேக் பிடிக்கும். நான் கிளம்பறேன்."

"சக்கரத்தைக் கழட்டிப் பாத்துட்டுப் போ."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அதைப் பார்த்துத்தான் அவள் சம்மதித்தாள். ஸ்பானர் செட் பூஜையில் இருந்தால் என்ன, ஜாக்கியும் வீல் ஸ்பானரும் டிக்கியில் இருந்தன. பின் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். நட்டைத் தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கியை ஏற்றினோம். நீங்கள் செய்கிற வரிசை எனக்குத் தெரியாதா?

சக்கரம் வந்ததும் குனிந்து பார்த்தேன். சென்சார் வயரைப் பெருச்சாளி கடித்துத் துண்டாக்கியிருந்தது. ஆற்றங்கரைத் தெருவில் அதற்கா பஞ்சம்? ஆனால் அது வயரோடு நிறுத்தவில்லை. பக்கத்தில் வருகிற ஹோஸ் என்கிற பிரேக் குழாயின் ரப்பரிலும் பல் பதிந்திருந்தது. அந்த இடம் ஈரமாக இருந்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்துத் தொட்டேன். விரலில் வழவழவென்று ஒட்டியது.

"ஹேமா, உள்ள போய் பிரேக்கை மிதி."

மிதித்தாள். பல் பட்ட இடத்தில் ஒரு துளி திரண்டது. இன்னொரு முறை மிதிக்கச் சொன்னேன். துளி சொட்டாமல், கம்பியாகப் பீறிட்டு என் முழங்கையில் அடித்தது. பிரேக் ஆயில். அது வடிந்துபோனால் பிரேக் பிடிக்காது.

ஸ்கேனர் வயரை மட்டும்தான் சொன்னது. ஹோஸைப் பற்றி அதற்கும் ஒன்றும் தெரியாது.

உங்கள் அக்கா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து என் கையிலிருந்த ஸ்கேனரை வாங்கி, புடவைத் தலைப்பால் துடைத்து, உள்ளே கொண்டுபோய் மறுபடியும் அம்பாள் முன்னால் வைத்தார். பசுக்காரர் தன் அண்ணன் ஜீப்பை அனுப்பினார், அதில்தான் ஹேமா போனாள். கவலைப்படாதீர்கள், பசுவும் கன்றும் சௌக்கியம்.

ஆனால் ஜீப்புக்காகக் காத்திருந்தபோது அவள் சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். கழற்றிவைத்த சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அம்மா, ஒரு வாரமாவே பிரேக் பெடல் கொஞ்சம் உள்ள போறாப்பல தோணித்து."

"சொல்லவே இல்லையே?"

"சொன்னா நீ பேடிச்சுடுவியேன்னு சொல்லல்லே."

ஹோஸைப் பார்த்தபோதுகூட நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். இதைக் கேட்டதும் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் என் பயம்தான் இந்த வீட்டைக் காவல் காக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பயத்துக்காகவே என்னிடம் சொல்லாமல் விடுகிறார்கள் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

நீங்களும் அப்படித்தானா? ஈசிஜி எடுத்து வந்த பிறகும் வலித்ததா? மாடிப்படியில் பாதியில் நின்றீர்களே. என்ன என்று கேட்டதற்கு, செருப்பு வார் அறுந்துவிட்டது, நீ மேலே போ என்றீர்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அந்தச் செருப்பைக் கையில் எடுத்தேன். வார் நன்றாகத்தான் இருந்தது. அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் இத்தனை நாள் இருந்துவிட்டேன்.

ஒர்க்‌ஷாப் திறந்ததும் ஹோஸும் வயரும் மாற்றியாகிவிட்டது. விளக்கு அணைந்துவிட்டது. எனக்குத்தான் பயம் போகவில்லை. இப்போது அணைந்த விளக்கைப் பார்த்தும் பயப்படுகிறேன். பயப்பட மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தால் நீங்களே சிரிப்பீர்கள். அதனால் என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். இனி ஹேமா எதைச் சொன்னாலும் முதலில் முழுசாகக் கேட்பேன். அழுகையை அப்புறம் வைத்துக்கொள்வேன். என்னைக் காப்பாற்றுவதற்காக இந்த வீட்டில் இன்னொருத்தர் வலியை மறைக்க விடமாட்டேன்.

நேற்று சாயங்காலம் உள்ளே வரும்போதே, "அம்மா, இன்னிக்கு ஒரு எருமை உதைச்சுடுத்து, முட்டி நன்னா வலிக்கறது" என்றாள். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கே, எப்படி வலிக்கறது, சொல்லு" என்றேன். எல்லாவற்றையும் சொன்னாள்.

உங்கள் அகத்துக்காரி,
ஹேமாவின் அம்மா,
சுபா