மலைக்குள் இருந்த கடவுள்

என் ஹாஸ்டல்காரிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. ஒரு வரி முடிப்பதற்குள் விரல் மரத்துப்போகிறது. ஆனாலும் ஆனந்தம்! அறுபது வயதில் பல்கலைக்கழகம் போன பெண்டாட்டிக்கு, இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்ற நான் போடும் முதல் கடிதம் இது.

போன மாதம் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே நடந்தேன். சைக்கிள் கடை, பல் ஆஸ்பத்திரி, தையல் கடை. வாசிக்கிற ருசியில் ஊர் எல்லையே வந்துவிட்டது. தேடி வந்த நம் மகன், "வழி மறந்துடுச்சாப்பா?" என்றான்.

"மறக்கலடா, படிச்சிட்டிருந்தேன்."

அவன் நம்பவில்லை. அன்றிலிருந்து வாசல் சாவி அவனிடம்தான். அவன் வேலைக்குப் போனபின் ஜன்னல் எனக்குப் போதும். மூன்று பலகைகள் தெரிகின்றன, மனப்பாடமாகிவிட்டன. இந்தக் கடிதத்தையும் கம்பி வழியாக இஸ்திரிக்காரரிடம் கொடுப்பேன். "என்ன பெருசு, லவ் லெட்டரா?" என்பார்.

நீ படிப்பது சமயம் என்றாலும் பாடமெல்லாம் கதையும் ஆட்டமும் சிற்பமுமாக இருக்கிறதே! நீ அனுப்பிய கதையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மலைக்குள் அடைபட்ட கடவுள் ஏன் குரல் கொடுக்கவில்லை என்று உங்கள் பேராசிரியை கேட்டாராமே. வகுப்பில் ஒருத்தி பொறுமை என்றாளாம், இன்னொருத்தி தவம் என்றாளாம்.

எனக்குத் தோன்றியதைச் சொல்லட்டுமா? வெளியே அவர் மனைவி ஆடிக்கொண்டிருந்தாள் என்று கதையிலேயே இருக்கிறது. இவர் கூப்பிட்டிருந்தால் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருப்பாள்.

பரீட்சை முடியும்வரை இங்கே வராதே. அடுத்த வாரம் இஸ்திரி வண்டி வருவதற்குள் இன்னும் நேரான வரிகளில் எழுதி வைக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்