எறும்பு ஏறிய புட்டி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நானும் இந்த வாரம் ரொம்பவே சௌக்கியம், ஏனென்று சொல்கிறேன். அப்பாவின் கால் புண் ஆறி வருகிறது, ஆனால் வெட்டி எடுத்த விரல் போனது போனதுதான். தம்பி மனசு நோகக்கூடாதென்று, உன் சித்தப்பா சர்க்கரை நோய்க்கென்று காய்ச்சின சிறுகுறிஞ்சான் சாற்றை அப்பா எனக்குத் தெரியாமல் குடித்து, அதை நம்பி டாக்டர் மாத்திரையையும் விட்டதால் வந்த வினை. என் மூலிகைச் சாற்றுக் கடையில் சம்பளத்துக்கு நின்று தொழில் படித்தவன், எதிரிலேயே கடை போட்டு, 'அண்ணி சரக்கு வெறும் தண்ணிங்க, என்னுது பாருங்க, எப்படிக் கெட்டியா நிக்குது' என்று என் வாடிக்கையை இழுத்தவன். அப்பா கட்டிலடியில் ஒளித்த புட்டியில் எறும்பு சாரை பிடித்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சீனிப்பாகு! சர்க்கரை நோய்க்காரர் குடிக்கிற சாற்றில் சீனிப்பாகு! வாங்குகிறவர்கள் நாக்கில் தொட்டுப் பார்த்தாலும் தெரியாது, சிறுகுறிஞ்சான் பட்ட நாக்குக்குச் சீனியும் மணல்தானே, அந்தத் தைரியம் அவனுக்கு.

வியாபாரிகள் கூட்டத்தில் நான் கத்துவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். என் புட்டி ஒன்று, அவன் புட்டி ஒன்று, மூடியைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வாயை மூடி உட்கார்ந்தேன். தலைவர் வழக்கம்போல இழுத்தார், அவர் பேச்சு எனக்கு இனித்தது அன்றைக்குத்தான். முடிவதற்குள் அவன் புட்டியில் எறும்பு மொய்த்துவிட்டது, என்னுடையதைச் சீந்தவில்லை. 'என்ன தம்பி, கசப்பு மருந்துக்கு இவ்வளவு கூட்டமா?' என்று மருந்துப் பட்டை விற்கிற கடைக்காரர் கேட்க, 'அண்ணி பாகைத் தடவிட்டாங்க' என்றான். அப்படியானால் உன் கையால் வேறு புட்டி திறடா என்றேன். திறக்கவில்லை. இப்போது அவன் கடையில் ஈ காக்கை இல்லை, எறும்பைத் தவிர. அதோடு விடுவேனா, காலி செய்கிற அந்தக் கடையை நானே வாடகைக்குப் பிடித்துவிட்டேன், பெயர்ப்பலகையை மட்டும் யாரும் தொடக்கூடாது, என் கையால் இறக்க வேண்டும். அப்பா 'விடும்மா, தம்பிதானே' என்கிறார். உனக்கும் போன் செய்து அழுவான், 'நீ சொன்னா அண்ணி கேப்பாங்கப்பா' என்பான். அண்ணன் காலில் விரல் முளைக்கட்டும், அப்புறம் பேசலாம் என்று அம்மா சொன்னாள் என்று சொல்லி வைத்துவிடு.

உனக்குக் கொழுப்பு ஏறியிருக்கிறது என்றாயே, மருதம்பட்டைச் சாறு அனுப்பியிருக்கிறேன், டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டுக் குடி, அவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தினால் நேரில் வந்து உதைப்பேன். சித்தப்பாவுக்கு இருக்கிற கொழுப்புக்குத்தான் இந்தக் கடையில் மருந்தில்லை. இருவரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழுங்கள். மறக்காதே, அம்மா அனுப்பினதுதானே என்று அப்படியே குடிக்காதே, ஒரு ராத்திரி திறந்து வைத்து எறும்பைக் கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
இன்னும் ஆறாத உன் அம்மா